டொன்னே ஆல்வுட் மர மட்டை: வாங்கலாமா? (லெனார்ட் பெர்கெலினைப் பற்றியும் கொஞ்சம்)

பழைய மர டென்னிஸ் மட்டையை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சுவரில் மாட்டிவைக்கத்தான் வாங்குகிறார்கள். நான் ஆடுவதற்காக வாங்கினேன், புது நரம்பு போட்டுக் கோடை முழுக்க ஆடியும் பார்த்துவிட்டேன், அதனால் இது கோர்ட்டில் இறங்கி ஆட நினைக்கிறவர்களுக்கான விமர்சனம். மட்டை, பெல்ஜியத்தில் செய்த டொன்னே ஆல்வுட். 1970களில் சுவீடன் டென்னிஸ் வீரர் பியோர்ன் போர்க் கையில் வைத்திருந்தாரே, அந்தக் குடும்பத்து மட்டை. லண்டனில் பழைய சாமான் சந்தைகளிலும் இணையத்தில் பழையது விற்கிறவர்களிடமும் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. புது கார்பன் மட்டைக்குக் கொடுக்கிற பணத்தில் சின்னப் பங்குதான் ஆகும். போர்க்கின் பெயர் போட்ட போர்க் ப்ரோ என்ற மாடலும் உண்டு, அதற்குச் சேகரிப்பவர்கள் போட்டி போடுவதால் விலை எங்கேயோ போய்விட்டது. ஆடுவதற்கு ஆல்வுட் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டை நல்ல மட்டை, ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நரம்பு போட, இழுவிசை (நரம்பை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறது என்பது) பார்க்க, ஈரத்திலிருந்து காப்பாற்ற, கோணிப்போகாமல் வைத்திருக்க என்று இதற்குச் செய்யவேண்டிய வேலை, இதை வைத்து ஆடுகிற வேலைக்குக் கிட்டத்தட்டச் சமம். போர்க்குக்கு அந்த ஆள் அவருடைய பயிற்சியாளர் லெனார்ட் பெர்கெலின். இந்த மட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் போர்க்கைப் பற்றி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள், பெர்கெலினுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் மட்டை விமர்சனத்துக்குள் ஒரு மனிதரின் வாழ்க்கையையும் கொண்டுவருகிறேன்.

முதலில் பொருள். டொன்னே நிறுவனம் பெல்ஜியத்தின் கூவான் என்ற ஊரில் 1910இல் கருவிகளுக்கு மரப்பிடி செய்துகொடுக்கும் பட்டறையாகத் தொடங்கியது. பிறகு டென்னிஸ் மட்டைக்கு வந்து, 1970களில் உலகத்திலேயே மிக அதிகமாக மட்டை செய்கிற நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 1980களின் கடைசியில் திவாலாகிப் பிறகு பல கை மாறியது, அந்தக் கதை இங்கே வேண்டாம். ஆல்வுட் என்பது மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வளைத்து, அழுத்திச் செய்தது. என்னிடம் இருப்பது நரம்போடு சேர்த்து 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய மட்டை நரம்போடு 300 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தலைப்பகுதி 70 சதுர அங்குலத்துக்குள் அடங்கிவிடும், இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் ஆடுவது 100 சதுர அங்குலம். முதல் தடவை கையில் எடுக்கும்போது தலை இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. போர்க் ஆடியது இதேதான் என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்கென்று டொன்னே தனியாகச் செய்துகொடுத்தது, அவர் போடுகிற இழுவிசையைத் தாங்குவதற்காகவே வலுவாகச் செய்தது. கடையில் விற்றதற்கு அந்த வலு கிடையாது. அதோடு வட அமெரிக்காவில் ஆடும்போது அவருக்கு வேறு ஒப்பந்தம், அங்கே பான்கிராஃப்ட் என்ற மட்டையோடு ஆடினார். ஆகவே ஆல்வுட் என்ற பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்காதீர்கள்.

சரி, பெர்கெலின். 1925 ஜூன் 10ஆம் தேதி சுவீடனில் அலிங்சோஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து சர்வதேச டென்னிஸ் மறுபடியும் மூச்சு விட ஆரம்பித்தபோது அவருக்கு 20, 21 வயது. அரசர் ஐந்தாம் குஸ்தாவ் தாமே டென்னிஸ் பைத்தியம், வயது எண்பதைத் தொட்ட பிறகும் இரட்டையர் ஆட்டம் ஆடியவர், அப்படி ஒரு நாடு அது. ஆனாலும் விம்பிள்டன், பாரிஸ் மாதிரி பெரிய போட்டிகளில் சுவீடன்காரர் ஒருவர்கூட அதுவரை பட்டம் வென்றதில்லை. முதலில் வென்றவர் பெர்கெலின், 1948இல், பிரெஞ்சுப் போட்டியில், இரட்டையர் பிரிவில்.

அந்த இறுதி ஆட்டத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்ப்பேன். பெர்கெலினின் ஜோடி யாரோஸ்லாவ் ட்ரோப்னி, செக்கோஸ்லோவாக்கியாக்காரர், இடதுகைக்காரர், அதே 1948இல் குளிர்கால ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியவர், அடுத்த ஆண்டு நாட்டை விட்டே வெளியேறி, கடைசியில் 1954இல் எகிப்தின் பெயரில் விம்பிள்டனை வென்றவர். எதிரே ஆஸ்திரேலியாவின் ஹாரி ஹாப்மனும் ஃபிராங்க் செட்ஜ்மனும். ஹாப்மனுக்கு அப்போது 41 வயது, செட்ஜ்மனுக்கு 20. இரண்டு ஆண்டு கழித்து ஹாப்மன், நாடுகள் அணியாக மோதுகிற டேவிஸ் கோப்பைப் போட்டியில் ஆஸ்திரேலிய அணியின் தலைமையை மறுபடி ஏற்று, அந்தப் பொறுப்பில் இருபது ஆண்டு இருந்து, கோப்பைகளாகக் குவித்தார். ஆக, பின்னாளில் ஆட்டக்காரர்களை வளர்ப்பதில் பெயர் எடுத்த இரண்டு பேர் அன்றைக்கு வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றிருக்கிறார்கள். 8-6, 6-1, 12-10 என்று பெர்கெலின் ஜோடி வென்றது. சமநிலையில் நிற்கிற செட்டைச் சீக்கிரம் முடித்துவைக்கிற டை-பிரேக் இல்லாத காலம், அதனால்தான் மூன்றாவது செட் அப்படி நீண்டிருக்கிறது.

ஒற்றையர் ஆட்டத்திலும் அவர் லேசுப்பட்டவர் இல்லை. விம்பிள்டனில் காலிறுதி வரை போனவர். அதே 1948இல் விம்பிள்டனின் முதல் நிலை ஆட்டக்காரராக வந்த அமெரிக்கர் ஃபிராங்க் பார்க்கரை ஐந்து செட்டில் வீழ்த்தினார். அந்தப் பார்க்கர்தான் பிரெஞ்சுப் போட்டியின் ஒற்றையர் இறுதியில் ட்ரோப்னியைத் தோற்கடித்தவர், ஜோடிக்காரனின் கணக்கைத் தீர்த்துவைத்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். காலிறுதியில், அந்த ஆண்டு பட்டத்தையே வென்ற பாப் ஃபால்கன்பர்க்கிடம் தோற்றார். டேவிஸ் கோப்பையில் சுவீடனுக்காக 1946 முதல் 1955 வரை ஆடி 60க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வென்றார்.

இப்போது நான் ஏன் இரட்டையர் என்பதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இரட்டையர் ஆடுகிறவர்களுக்கு இது தெரியும்: அந்த ஆட்டத்தில் பந்தைப் பார்ப்பதோடு பக்கத்தில் நிற்பவனையும் பார்க்க வேண்டும். அவனுக்கு இன்றைக்குக் கால் நகர்கிறதா, தோள் பிடித்துக்கொண்டதா, பயந்திருக்கிறானா, கோபத்தில் இருக்கிறானா, இப்போது பேசலாமா, சும்மா விடலாமா. ஒற்றையர் ஆட்டத்தில் வளர்ந்தவர்கள் பயிற்சியாளராக வரும்போது தாங்கள் எப்படி ஆடினோமோ அப்படியே அடுத்தவனையும் ஆடவைக்கப் பார்ப்பதை நான் சின்ன அளவில் உள்ளூர் கிளப்களிலேயே பார்த்திருக்கிறேன். பெர்கெலின் அதைச் செய்யவில்லை. போர்க்கின் அடிகள் எல்லாமே அந்தக் காலத்துப் பாடத்துக்கு விரோதம், பேக்ஹேண்டை இரண்டு கையால் அடிப்பது, பந்தைக் கீழிருந்து மேலே தேய்த்துச் சுழலவிடுவது எல்லாம். சிறுவனாக இருந்தபோது அவரைக் கண்டெடுத்த பெர்சி ரோஸ்பெர்க் அதை மாற்றவில்லை, பிறகு வந்த பெர்கெலினும் மாற்றவில்லை.

டேவிஸ் கோப்பை அணியின் தலைவராக இருந்த பெர்கெலின் 1972இல் 15 வயதுப் போர்க்கை அணியில் இறக்கினார். போஸ்டாட் நகரில் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டம், எதிரே ஆனி பரூன், அனுபவசாலி. முதல் இரண்டு செட்டையும் தோற்ற பையன் மீதி மூன்றையும் வென்றான். 15 வயதுக்காரனை நாட்டுக்காக ஆடவைத்துத் தோற்றிருந்தால் பெர்கெலினை என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று ஆண்டு கழித்து, 1975 டிசம்பரில், ஸ்டாக்ஹோமில் செக்கோஸ்லோவாக்கியாவை 3-2 என்று வென்று சுவீடன் முதல் தடவையாக டேவிஸ் கோப்பையைத் தூக்கியது. போர்க் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும், ஓவே பெங்ட்சனுடன் சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தையும் வென்றார்.

அதற்கு அப்புறம்தான் நம்ம மட்டை விஷயம் வருகிறது.

போர்க் தன் மட்டைக்குப் போட்ட இழுவிசை சுமார் 80 பவுண்டு, கிட்டத்தட்ட 36 கிலோ. இன்றைக்கு கார்பன் மட்டைக்கே பெரும்பாலானவர்கள் 50 முதல் 55 பவுண்டு வரைதான் போடுகிறார்கள். மரச்சட்டத்தில் 80 பவுண்டு என்றால் சட்டமே உள்நோக்கி நொறுங்கப் பார்க்கும். நரம்போ மாட்டுக் குடலில் செய்த அசல் கட் நரம்பு, ஏற்கெனவே அறுந்துபோகிற எல்லைக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறது. காற்றின் ஈரம் கொஞ்சம் மாறினால் போதும், அறையின் சூடு கொஞ்சம் மாறினால் போதும், யாரும் தொடாமலேயே நரம்பு டப்பென்று அறுந்துவிடும். ராத்திரி ஓட்டல் அறையில் அடுக்கிவைத்த மட்டைகளில் ஒவ்வொன்றாக அறுபடும் சத்தத்தில் தூக்கம் கலைவது இவர்களுக்குச் சாதாரணம். விம்பிள்டனுக்குப் போகும்போது ஐம்பதுக்குக் குறையாத மட்டைகளைக் கொண்டுபோனதற்குக் காரணம் இதுதான், ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

அந்த மட்டைகளுக்கு எல்லாம் பொறுப்பாளர் பெர்கெலின். நரம்பு போடுவதற்கு ஸ்டாக்ஹோமில் மாட்ஸ் லாஃப்ட்மன் என்று ஒருவர் இருந்தார், போர்க்குக்கு அவர் கைதான் வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் போர்க்கும் பெர்கெலினும் மட்டைகளைத் தரையில் பரப்பிவைத்து, ஒன்றை இன்னொன்றால் தட்டித் தட்டிக் கேட்பார்கள். வீணைக்காரர் கச்சேரிக்கு முன்னால் சுருதி பார்ப்பதைப் போல, எந்த மட்டை எந்த ஒலி கொடுக்கிறது, எது இறங்கிப்போயிருக்கிறது என்று காதாலேயே பிரித்து, மறுநாள் எதை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்று வரிசைப்படுத்துவார்கள். பந்தை அடித்துப் பார்க்காமலே இழுவிசையைச் சொல்லிவிடுவார்கள். நானும் என் மட்டையையும் நண்பனின் மட்டையையும் வைத்துத் தட்டிப் பார்த்தேன். 5 பவுண்டு வித்தியாசம் இருந்தால் காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது, இரண்டு பவுண்டு எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கு அந்தச் சின்ன வித்தியாசமும் தெரிந்திருக்கிறது.

மட்டையோடு முடியவில்லை அவர் வேலை. ஓட்டல் ஏற்பாடு, பயிற்சிக்கு கோர்ட் பிடிப்பது, கார், தொலைபேசிக்குப் பதில் சொல்வது, பத்திரிகைக்காரர்களைத் தள்ளிவைப்பது, ராத்திரி போர்க்கின் தோளையும் காலையும் பிடித்துவிடுவது, எல்லாம் இவர் கையில். போர்க் இவரை லபே என்று செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரே ஒரு ஆட்டக்காரரோடு ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போகிற பயிற்சியாளர் என்பது அந்தக் காலத்தில் வழக்கமே இல்லை, இன்றைக்கு முதல் நூறு இடங்களில் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். அந்த வேலைக்கு முன்மாதிரி பெர்கெலின்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆட்டத்தையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 1976 விம்பிள்டனுக்கு முன்னால் வடக்கு லண்டனில் ஹாம்ஸ்டெட் பக்கம் உள்ள கம்பர்லாண்ட் கிளப்பில் புல்தரையில் போர்க்கைத் தினமும் மணிக்கணக்காக ஆடவைத்து, முக்கியமாக சர்வீஸைச் செதுக்கினார். களிமண் தரைக்காரன், புல்லில் என்ன செய்துவிடுவான் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். போர்க் அந்த ஆண்டு ஒரு செட்கூட இழக்காமல் பட்டம் வென்றார், அதுவும் வயிற்றுத் தசைப் பிடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டு. அதிலிருந்து 1980 வரை தொடர்ந்து 5 விம்பிள்டன். 1974 முதல் 1981 வரை 6 பிரெஞ்சுப் பட்டம்.

அந்த ஐந்தில் நம்மவர்கள் மறக்கக் கூடாத ஒரு ஆட்டம் 1979இல் வருகிறது, இரண்டாவது சுற்று, எதிரே சென்னையின் விஜய் அமிர்தராஜ். விஜய் இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முன்னால் இருந்தார். நான்காவது செட் டை-பிரேக் வரை போனது, அதில் தப்பித்துத்தான் போர்க் ஐந்தாவதுக்கு வந்தார். 2-6, 6-4, 4-6, 7-6, 6-2. நான்காவது ஆண்டாகத் தொடர்ந்து வெல்ல வந்தவரின் ஓட்டம் அன்றைக்கு ஒரு டை-பிரேக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பெர்கெலின் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இரண்டு பக்கமும் மனசு போகிறது, விஜய் வென்றிருக்கலாமே என்று ஒரு பக்கம், இந்த மனிதரின் உழைப்பு வீணாகவில்லையே என்று இன்னொரு பக்கம்.

மறுபடி மட்டைக்கு வருகிறேன். ஆடிப் பார்த்தால் எப்படி இருக்கிறது?

ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் இரண்டிலும் பந்து நடுவில் பட்டால் அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை. கார்பன் மட்டையில் ஒரு வெடிப்பு வரும், இதில் பந்து ஒரு கணம் நரம்பில் தங்கிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும், முழங்கைக்கு எந்த அதிர்வும் வராது. டென்னிஸ் எல்போ தொந்தரவு உள்ள என் நண்பர் ஒருவர் இதை வாங்கி ஆடியபிறகு திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை என்றார். ஆனால் நடுப்பகுதி என்பது உண்மையிலேயே உள்ளங்கை அளவு. கொஞ்சம் தாமதமாகப் போனால், கொஞ்சம் விலகிப் பட்டால், பந்து செத்து வலைக்குள் விழும், இல்லையென்றால் சட்டத்தில் பட்டு அடுத்த கோர்ட்டுக்குப் போகும். இன்றைய ஆட்டக்காரர்கள் அடிக்கிற மாதிரி மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் தேய்க்க முயன்றால் சட்டம்தான் முதலில் படும். இவ்வளவு சின்னத் தலையில், இவ்வளவு இறுக்கிய நரம்பில், போர்க் எப்படி அந்தச் சுழற்சியைக் கொடுத்தார் என்பது ஆடிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மட்டையை முன்கூட்டியே பின்னால் கொண்டுபோய், முழுத் தோளையும் திருப்பி, நீளமாக வீசினால்தான் நடக்கிறது. அதைப் பழகிக்கொண்டு மறுபடி கார்பனுக்குப் போனபோது என் அடிகள் தெளிவாகவே மேம்பட்டிருந்தன.

சர்வீஸில் எடை தோளை இழுக்கும். முதல் செட்டில் எடை நமக்காக வேலை செய்கிறது, இரண்டாவது செட்டின் பாதியில் கை கெஞ்ச ஆரம்பிக்கும். வேகம் நிச்சயம் குறைவு. இடம் பார்த்துப் போடுகிறவர்களுக்குப் பிரச்சனை இல்லை.

இந்த மட்டை உண்மையில் மலர்வது வாலியில்தான் (பந்து தரையில் படுமுன் அடிப்பது), அதனால் இரட்டையர் ஆட்டத்தில்தான். வலைக்குப் பக்கத்தில் நின்று மட்டையை வெறுமனே குறுக்கே காட்டினாலே போதும், எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தாலும் மட்டை கையில் திரும்பாது, பந்து மெதுவாக, குட்டையாக, அந்தப் பக்கம் இறங்கும். பெர்கெலினும் ட்ரோப்னியும் 1948இல் வைத்திருந்தது வேறு மட்டை, ஆனால் அதுவும் மரம், அதுவும் இந்த மாதிரி எடை, இந்த மாதிரி சின்னத் தலை. மூன்றாவது செட்டில் 12-10 வரை வலையருகே நாலு பேர் இப்படித்தான் பந்தை மாற்றி மாற்றித் தட்டியிருப்பார்கள் என்று கை வழியாகப் புரிகிறது. ஒற்றையர் ஆட மட்டும் நினைக்கிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், இரட்டையர் ஆடுகிறவர்கள் கட்டாயம் ஒரு தடவையாவது ஆடிப் பாருங்கள்.

இரண்டு கை பேக்ஹேண்ட்காரர்களுக்கு ஒரு குறை. கடையில் விற்ற சாதாரண மாடலில் தோல் கிரிப் சீக்கிரமே முடிந்துவிடுகிறது, மேல் கை வழுக்குகிற மரத்தில்தான் உட்காரும். போர்க் ப்ரோவில் கிரிப்பை நீளமாகவே வைத்திருப்பார்கள். ஆல்வுட்டில் மேலே ஓவர்கிரிப் ஒன்றைக் கூடுதலாகச் சுற்றிக்கொண்டால் சரியாகிவிடும். பழைய தோலைப் பிரித்து எறியாதீர்கள், காய்ந்து வெடித்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

நரம்பு போடுவதுதான் பெரிய தலைவலி. நான் முதலில் போன கடையில் மரம் என்றதுமே தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது, இன்றைய இயந்திரங்களின் பிடிகள் சின்ன மரத்தலைக்குச் சரியாகப் பொருந்துவதில்லை, அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் சட்டம் விரிந்துவிடும், பழி கடைக்காரர் தலையில். அடுத்ததாக வயதான ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன், அவர் மட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் மேசையில் கிடத்திப் பார்த்தார், பிறகு துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். இந்த மட்டைகளில் துளைக்குள் பிளாஸ்டிக் உறை கிடையாது, நரம்பு நேராக மரத்தை உரசும், துளையின் ஓரம் கூர்மையாக இருந்தால் புது நரம்பு அறுந்துபோகும். போர்க்கின் 80 பவுண்டு ஆசை யாருக்கும் வேண்டாம். 40 வயது தாண்டிய மரத்துக்கு 45 முதல் 50 பவுண்டு போதும். நான் 48 போட்டேன், சட்டம் அசையவில்லை. பாலியெஸ்டர் நரம்பு கூடவே கூடாது, அதன் விறைப்பை இந்த மரம் தாங்காது. கட் நரம்பு கிடைத்தால் நல்லது, விலை கட்டுப்படியாகாது என்றால் பல மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்த மென்மையான மல்டிஃபிலமென்ட் நரம்பு.

வீட்டில் வைப்பதற்கு மர பிரஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நாலு மூலையிலும் திருகு உள்ள சட்டம், மட்டையை நடுவில் வைத்து இறுக்குவது. பழைய மட்டை விற்கிறவர்களிடமே கிடைக்கும். திருகுகளை ஒரே சீராக இறுக்க வேண்டும், ஒரு மூலையை மட்டும் முறுக்கினால் காப்பாற்ற வாங்கியதே கோணிவிடும். கார் டிக்கியில் வெயிலில் விடக் கூடாது. மழையில் நனைந்தால் உடனே துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும், ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்யும்போதுதான் பெர்கெலின் செய்த வேலையின் அளவு எனக்குப் புரிகிறது. ஒரு மட்டையை 48 பவுண்டில் வைத்துப் பராமரிக்கவே இப்படி. ஐம்பது மட்டைகள், 80 பவுண்டு, ஊருக்கு ஊர் மாறுகிற ஈரம், பாரிஸின் களிமண்ணிலிருந்து லண்டனின் புல்லுக்கு வருவதற்கு நடுவில் சில வாரங்கள், அதுவும் ஒரு ஆண்டு இல்லை, பல ஆண்டுகள். 1978, 1979, 1980 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து போர்க் பாரிஸையும் விம்பிள்டனையும் அடுத்தடுத்து வென்றார். இது இரண்டு பேர் சேர்ந்து வென்றது என்பது என் உறுதியான கருத்து. கோப்பையில் ஒரு பெயர்தான் பொறித்திருக்கிறார்கள்.

1991 ஏப்ரலில் போர்க் மான்டே கார்லோவில் மறுபடி ஆட வந்தார், எல்லாரும் கார்பனுக்கு மாறியிருந்த காலத்தில் அவர் மட்டும் மர மட்டையோடு. ஜோர்டி அர்ரேசேயிடம் 6-2, 6-3 என்று தோற்றார். மட்டை பழசு, ஆள் 34, ஆட்டம் மாறிவிட்டது, காரணங்கள் நிறைய. கூடவே அப்போது பெர்கெலினும் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் வென்றிருப்பார் என்று சொல்ல மாட்டேன், அந்த மர மட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போக விட்டிருப்பாரா என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் பெர்கெலின் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் இல்லை. 1980களில் தானே ஒரு புது மட்டையை வடிவமைத்து பெர்கெலின் லாங்ஸ்ட்ரிங் என்று வெளியிட்டார், வழக்கமான நேர்க்கோட்டுக் கட்டத்தை விட்டுவிட்டு நரம்புகளைச் சாய்வாக ஓடவிட்ட மட்டை. சந்தையில் நிற்கவில்லை. ஆனால் அறுபதை ஒட்டிய வயதிலும் அந்த மனிதர் நரம்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். 2008 நவம்பர் 4ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் காலமானார், வயது 83. லாங்ஸ்ட்ரிங் ஒன்று நல்ல நிலையில் கண்ணில் பட்டால் அதையும் வாங்கி ஆடிப் பார்த்து எழுதவேண்டும் என்று ஆசை.

ஆல்வுட் வாங்க நினைக்கிறவர்களுக்கு, நேரில் பார்த்தே வாங்குங்கள். தட்டையான மேசையில் கிடத்தி நாலு பக்கமும் ஒட்டி உட்காருகிறதா பாருங்கள், ஒரு மூலை தூக்கினாலும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், கோணிய மரம் திரும்ப நேராகாது. கழுத்துப் பகுதியிலும் தலையின் உச்சியிலும் முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பெயின்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை, நகத்தை வைத்தால் இறங்குகிறது என்றால் மரமே பிளந்திருக்கிறது. பழைய நரம்போடு விற்றால் அது எத்தனை வருடமாக அப்படியே இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று கேளுங்கள், நரம்பு இல்லாமல் பிரஸ்ஸில் இருந்தது கிடைத்தால் அதை எடுங்கள். முடிந்தால் ஒரே எடையில் இரண்டாக வாங்குங்கள், ஒன்றை உங்கள் இரட்டையர் ஜோடிக்குக் கொடுக்கலாம்.